‘நாளை வா’ என்றால் பேய் போய்விடுமா? ‘ஸ்த்ரீ’ படத்துக்குப் பின்னால் ஒரு பக்கத்து ஊர்க் கதை!

ஓசூரைத் தாண்டினால் கர்நாடகம். அங்கே 1990-களில் வீட்டுக் கதவுகளில் ‘நாளே பா’ என்று எழுதி வைத்தார்கள். ‘நாளை வா’ என்று பொருள். ராத்திரியில் தெரிந்தவர் குரலில் ஒரு பெண் பேய் கூப்பிடுமாம். கதவைத் திறந்தால் உயிர் போய்விடுமாம். எழுத்தைப் படித்தால் திரும்பிவிடும். மறுநாளும் அதையே படித்துத் திரும்பும் என்பது நம்பிக்கை.

இந்தக் கதைதான் 2018 ஆகஸ்டில் ‘ஸ்த்ரீ’ என்ற இந்திப் படத்துக்கு விதை. அமர் கௌஷிக் இயக்க, ராஜ்குமார் ராவ், ஷ்ரத்தா கபூர் நடித்தார்கள். கதை நடப்பது மத்தியப் பிரதேசத்தின் சந்தேரியில். அங்கே பேய் தூக்கிப்போவது ஆண்களைத்தான். இருட்டியபின் வெளியே வர ஆண்கள் நடுங்கினார்கள், தியேட்டர் சிரித்தது.

படத்தில் சிரிப்பாக இருந்த பயம், வெளியே அப்படி இல்லை. அதே ஆண்டு மே மாதம், ஊத்தங்கரையை அடுத்த திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் அருகே ஒரு கூட்டம் சென்னை மூதாட்டி ஒருவரை அடித்தே கொன்றது. குலதெய்வக் கோயிலுக்கு வந்தவர் அவர். குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். வாட்ஸ்அப் வதந்தியை நம்பியவர்கள், பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நினைத்துவிட்டார்கள்.

‘உண்மைச் சம்பவம்’ என்று போஸ்டரில் போட்டிருந்தால், டிக்கெட் எடுத்து ஜாலியாகப் பயப்படலாம். அதுவே உங்கள் போனுக்கு வந்தால், ஃபார்வேர்டு செய்யாதீர்கள். ‘நாளே பா’ சொல்லி அனுப்பிவிடுங்கள்!