கூரை மின்சாரமும் கொள்முதல் விலையும்

வெயிலைக் கொண்டு வீட்டுக் கூரையில் மின்சாரம் எடுத்து, அதனை ஊர்க் கம்பிக்கு அனுப்பி, அதற்கு விலையும் பெறுகின்ற குடும்பங்கள் இன்று பல தேசங்களில் உள்ளன. இம்முறையைச் சட்டமாகவே வகுத்து, இருபது வருஷ காலத்துக்கு விலை உறுதி கூறி, பெரிய அளவில் நடத்திக் காட்டிய தேசம் ஜெர்மனி. அத்தேசத்தின் அனுபவத்தை நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலமெனக் கருதுகிறோம். நம் சங்கங்களுக்கும் ஜெர்மனிக்கும் பழைய உறவு ஒன்றும் உண்டு. 1890-களில் சென்னை மாகாண சர்க்காருக்காக ஐரோப்பிய விவசாயக் கடன் முறைகளை ஆராய்ந்த பிரெடெரிக் நிக்கல்சன், ஜெர்மனியில் ரைபைசன் என்பார் தோற்றுவித்த கிராமக் கடன் சங்கங்களையே நம் நாட்டுக்கு ஏற்றவை எனச் சிபாரிசு செய்தார். 1904-ஆம் வருஷத்துக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் அவ்வழியில் வந்ததேயாகும்.

ஜெர்மனியில் முதற்சட்டம் 1991 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. காற்றாலும் வெயிலாலும் எவர் மின்சாரம் உண்டாக்கினாலும் அவ்வட்டாரத்து மின்சாரக் கம்பெனி அதனை மறுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். பொதுமக்களிடம் வசூலிக்கும் சராசரி விலையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைக் கொடுக்கவும் வேண்டும் என்பது அதன் சாரம். வடபகுதியில் வயலோரம் காற்றாலை நிறுத்திய விவசாயிகளுக்கு இது பேருதவியாயிற்று. வெயில் மின்சாரத்துக்கோ போதவில்லை. யூனிட் ஒன்றுக்கு ஏறத்தாழ 2 மார்க் செலவாகும் காலத்தில், கிடைத்த விலை 17 பெனிக் அளவே. நூறு பெனிக் கொண்டது ஒரு மார்க். நூல் வாங்கிய பணத்தில் பத்தில் ஒரு பங்கைச் சேலைக்கு விலையாகக் கொடுத்தால் தறியில் உட்காருவார் யார்?

இக்குறையை முதலில் தீர்த்தவர்கள் தலைநகரத்து மந்திரிகள் அல்லர். ஆஹன் முதலிய சில நகரங்களின் சபைகள் 1990-களில் வேறொரு வழி கண்டன. கூரை மின்சாரத்துக்கு ஆகும் செலவு முழுவதும் ஈடாகும்படி யூனிட்டுக்கு 2 மார்க் வரை கொடுப்பது. அப்பணத்தை அந்நகரத்தின் மின்சார வாடிக்கையாளர் எல்லோர்மீதும், விலையில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேற்படாமல், பரப்பிவிடுவது. சிறிது சிறிதாக எல்லோரும் கொடுக்க, துணிந்து முன்வந்த சிலருக்கு நஷ்டமில்லாமற் போயிற்று.

ஊர் அளவில் வெற்றி கண்ட இவ்யோசனையே 2000 ஏப்ரல் முதல் தேதி தேசம் முழுவதற்கும் சட்டமாயிற்று. வெயில் மின்சாரம் யூனிட்டுக்கு 99 பெனிக் என்று விலை நிர்ணயிக்கப்பட்டது. ஒரு குடும்பம் தான் வாங்கும் மின்சாரத்துக்கு அப்போது கொடுத்துவந்த விலையைப்போல் இது மூன்று மடங்குக்கும் அதிகம். நெல்லுக்குக் கொள்முதல் விலை வருஷந்தோறும் மாறக் காண்கிறோம். அங்கோ, சாதனம் அமைத்த வருஷத்தின் விலை இருபது வருஷத்துக்கு மாறாது. ஆகவே பாங்கிகளும் நம்பிக்கையோடு கடன் கொடுத்தன. தாமதித்து வருவோர்க்கு மட்டும் விலை ஆண்டுதோறும் குறைந்துகொண்டே போகும். சாதனங்களின் விலையும் அதற்கேற்ப இறங்குமென்பது சட்டம் செய்தோரின் கணக்கு.

கணக்குப் பொய்க்கவில்லை. 2004-இல் சிறு கூரைகளுக்கு யூனிட்டுக்கு 57.4 சென்ட் கிடைத்தது. 3 கிலோவாட் சாதனம் அங்குள்ள மங்கிய வெயிலில் வருஷத்துக்கு 2,800 யூனிட் கொடுக்குமென்று கொண்டால், ஆண்டு வரவு ஏறத்தாழ 1,600 யூரோ. 2012-இல் புதிதாக வந்தவர்களுக்கு விலை 20 சென்டுக்கும் கீழே இறங்கிற்று. தாம் வாங்கும் மின்சாரத்தின் விலையைக் காட்டிலும் விற்கும் விலை குறைந்துவிட்டமையால், அதுவரை உற்பத்தியனைத்தையும் விற்றுவந்த வழக்கம் மாறி, முதலில் வீட்டுக்கு, மிச்சம் கம்பிக்கு என்றாயிற்று. 2010 முதல் 2012 வரை வருஷந்தோறும் 7,000 மெகாவாட்டுக்கு மேல் புதிய சாதனங்கள் ஏறின.

இவ்வளவு பணமும் எங்கிருந்து வந்தது? சர்க்கார் கொடுத்தது என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியன்று. 2022 வரை இப்பணத்தின் பெரும்பகுதி சர்க்கார் கஜானாவிலிருந்து வரவேயில்லை. மின்சாரம் உபயோகித்த ஒவ்வொருவரின் பில்லிலும் தனி வரியாகச் சேர்ந்து வந்தது. முதலில் யூனிட்டுக்கு அரை சென்டுக்கும் குறைவாயிருந்த இச்சுமை, 2013-இல் 5.277 சென்டாகவும், 2017-இல் 6.88 சென்டாகவும் ஏறிற்று. வருஷத்துக்கு 3,500 யூனிட் செலவிடும் குடும்பத்துக்கு 2017-இல் இதனால் மட்டும் 240 யூரோ ஆயிற்று. மின்சாரத்தை மிகுதியாக உண்ணும் பெரிய ஆலைகளுக்கோ, வெளிநாட்டுப் போட்டியைக் காரணங்காட்டி, சுமையில் பெரும்பகுதி தள்ளப்பட்டது. அத்தேசத்தில் குடும்பங்களில் பாதிக்கு மேல் வாடகை வீட்டில் வாழ்கின்றன. கூரை இல்லாத வாடகைக்காரர் மாதந்தோறும் கொடுத்தார். கூரையுடையவர் மாதந்தோறும் பெற்றார். சட்டத்தின் பயனை மறுப்பவர்கள் அல்லோம். உலகெங்கும் இச்சாதனங்களின் விலை இறங்கியதற்கு ஜெர்மானிய மக்கள் கொடுத்த இப்பணமும் ஒரு முக்கிய காரணம். எனினும் அந்தப் பணத்தைக் கொடுத்தவர்களில் ஏழைகள் பலர் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

இவ்விடத்தில்தான் கூட்டுறவு வருகிறது. 2006-இல் ஜெர்மானியக் கூட்டுறவுச் சட்டம் திருத்தப்பட்டு, சங்கம் தொடங்கக் குறைந்தது ஏழு பேர் வேண்டும் என்பது மூன்று பேர் என்றாயிற்று. அதன்பின் சில வருஷங்களில் நூற்றுக்கணக்கான மின்சாரக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. இன்று 800-க்கு மேற்பட்டவை உள்ளன. பள்ளிக்கூடம், தானியக் களஞ்சியம், நகரசபைக் கட்டடம் இவற்றின் கூரையை வாடகைக்கு எடுத்துச் சங்கமே சாதனம் அமைக்கும். சொந்தக் கூரையில்லாதவரும் பங்கு வாங்கி, விற்ற மின்சாரத்தின் லாபத்தில் தம் பாகத்தைப் பெறலாம். பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஓட்டு ஒன்றே. சட்டம் கூரையுடையோர் பக்கம் சாய்ந்திருந்ததை இச்சங்கங்கள் முற்றிலும் நிமிர்த்திவிட்டன என்று சொல்லமாட்டோம். பங்குக்குக் கட்டப் பணமில்லாதவர் அப்போதும் வெளியேதான் நின்றார்.

கருங்காட்டு மலையிலுள்ள ஷோனாவ் என்னும் சிற்றூரைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே மக்கள்தொகை சுமார் 2,500. 1986-இல் செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பின் அவ்வூர்ப் பெற்றோர் சிலர், ஊர்சுலா சிலாடெக் என்ற உபாத்தியாயினியும் அவர் கணவரான டாக்டரும் முன்னிற்க, அணு மின்சாரம் வேண்டாமென்று கிளம்பினர். 1991-லும் 1996-லும் இருமுறை ஊர் வாக்கெடுப்பில் வென்று, 1997-இல் ஊரின் மின்கம்பிகளையே விலைக்கு வாங்கினர். அந்நிறுவனம் 2009-இல் கூட்டுறவாக மாறியது.

பின்னர் வந்த மாறுதல்களைச் சுருங்கச் சொல்வோம். 2022 ஜூலை முதல் பில்லில் சேர்ந்த தனி வரி நீக்கப்பட்டு, பொறுப்பு கஜானாவுக்குப் போயிற்று. 2025 பிப்ரவரி 25-க்குப் பின் புதிதாக அமைப்போர்க்கு, சந்தையில் மின்சார விலை பூஜ்யத்துக்கும் கீழே போகும் மணி நேரங்களில் பணம் இல்லையென்று விதி வந்தது. அந்நேரத்தின் ஈடு தவணை முடிவில் சேர்க்கப்படும். மிகச் சிறியவற்றுக்கு விலக்கு உண்டு. நடுப்பகலில் எல்லாக் கூரையும் ஒரே நேரத்தில் விற்க வந்தால் விலை விழாமல் என்ன செய்யும்? அறுவடைக் காலத்துத் தக்காளியை நம் விவசாயிகள் அறிவார்கள்.

நம் தேசத்தில் 2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் தொடங்கிய பிரதம மந்திரி சூர்ய கர் திட்டம் வேறு வழி சென்றது. யூனிட்டுக்கு இவ்வளவு என்று கொடாமல், சாதனம் அமைத்தபின் ஒரே தடவையாக மானியம்: 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000. ஒரு கோடி வீடுகளுக்கென 75,021 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பணம் கஜானாவிலிருந்து வருவதால் அண்டை வீட்டாரின் பில் ஏறுவதில்லை. மீதிச் செலவைக் குடும்பமே தேடவேண்டும். நிழல் விழாத சொந்தக் கூரையும் வேண்டும்.

நம் நெசவாளர்க்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. தமிழ்நாட்டில் 2023-இல் கைத்தறி நெசவாளர்க்கு இலவச மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. 1 கிலோவாட் சாதனம் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட், அதாவது இரண்டு மாதத்தில் 240 யூனிட்தான் தரும். இலவச அளவுக்குள் அடங்கிய வீட்டார் கடன் பட்டுச் சாதனம் வாங்குவதில் லாபம் காணோம். விற்பனைக்கு வருவோர் இதைச் சொல்லமாட்டார்கள். பில் பெரிதாக வரும் வீடுகளுக்கே இது பொருந்தும்.

தனி வீடுகளுக்கு மட்டுமன்றி, குடியிருப்புச் சங்கங்களின் பொது உபயோகத்துக்கும் அத்திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் வைக்கப்பட்டது. தெருவிளக்கு, தண்ணீர்ப் பம்பு இவற்றின் பில்லை எல்லோரும் பகிர்ந்து கட்டும் வீட்டுவசதிச் சங்கங்கள், ஒரு வருஷத்துப் பொது பில் எவ்வளவென்று கணக்கு எடுத்து அடுத்த பொதுக்குழுவின் முன் வைக்கலாம்.