ஆயில் எஞ்சினில் நீர் கலப்பு

திண்டுக்கல் சமவெளியில் கிணறே குடியானவனின் ஏரி. குடகனாற்றில் நீர் ஓடும் நாட்கள் சிலவே. நிலக்கோட்டை மல்லிகையாயினும், ஒட்டன்சத்திரத்துக் காய்கறியாயினும், மற்றைய நாட்களில் கிணற்றையே நம்பி நிற்கின்றன. பெரும்பாலான கிணறுகளுக்கு மின்சார மோட்டார் வந்துவிட்டது மெய்யே. எனினும் மின் இணைப்பு எட்டாத தோட்டங்களில் ஆயில் எஞ்சினே இன்றும் கை கொடுக்கிறது. அதன் நோய்களுள் ஓசையின்றி வந்து பெருஞ்செலவு வைப்பது, மசகு எண்ணெயில் நீர் கலப்பது. அதனைக் கண்டறியும் வகையை அங்கத்தினர்களுக்கு இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியை உருவிப் பாருங்கள். எண்ணெய் கருமையாயிராமல் பால் விட்ட காப்பி போல் இருக்குமாயின் நீர் நன்றாகவே கலந்துவிட்டது. மட்டம் உயர்ந்திருப்பதும் ஓர் அறிகுறி. எண்ணெய் ஊற்றாமலே மட்டம் குறையாதிருப்பது கண்டு, "நம் எஞ்சின் எண்ணெய் குடிப்பதில்லை" என்று மகிழ்வோர் உண்டு. அம்மகிழ்ச்சி நெடுநாள் நிலைப்பதில்லை. நீர் கலந்த எண்ணெய் உராயும் பாகங்களுக்கிடையே போதிய படலமாக நிற்பதில்லை. பேரிங்குகள் தேய்கின்றன, துரு ஏறுகிறது. கிராங்க் தண்டு கெட்டபின் வரும் செலவு ஒரு போகத்தின் வருவாயை விழுங்கிவிடக் கூடும்.

ஐயம் எழுந்தால் இரவு முழுவதும் எஞ்சினை அசையாமல் நிறுத்திவைத்து, காலையில் அடிச்சட்டியின் வடிகால் திருகைச் சிறிதே தளர்த்துக. எண்ணெயினும் நீர் கனமானதாகையால், தனித்து நிற்கும் நீர் முதலில் சொட்டும். கலந்தே நிற்கும் சிறிதளவு நீரை அறிய வேறு வழியுண்டு. வழக்கொழிந்த தோசைக்கல் ஒன்றைத் தண்ணீர் தெளித்தால் சீறும் அளவுக்குச் சூடேற்றி, அடுப்பினின்று இறக்கி, அதில் ஒரு துளி எண்ணெயை விடுக. நீர் இருந்தால் கடுகு தாளித்தாற்போல் படபடவென்று வெடிக்கும். இல்லையேல் அமைதியாகப் பரவும். முகத்தை விலக்கிக்கொள்க, டீசல் டின்னும் அருகில் இருத்தலாகாது. மட்டம் உயர்ந்திருந்தும் வெடியாமல், எண்ணெய் நீர்த்து டீசல் வாடை வீசுமானால் குற்றம் எரிபொருள் கசிவே. அதற்கு மருந்து வேறு.

நிற்க. நீர் உண்டென்று தெரிந்தவுடன் எஞ்சினைப் பிரிக்கச் சொல்லும் மெக்கானிக்குகள் பலர். அது அவசரம் என்பது நம் கருத்து. நீர் எங்கிருந்து வந்தது என்பதல்லவா முதற்கேள்வி?

டீசல் எரிகையில் அதிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி நீராகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாய்ப் பிறக்கிறது என்றால் பலர் வியப்பர். பெரும்பகுதி புகையோடு போய்விடும். சிறிது பிஸ்டன் வளையங்களைக் கடந்து அடிச்சட்டிக்குள் இறங்கும். பம்பிலிருந்து குளிர்ந்த கிணற்று நீரைத் தாராளமாகத் திருப்பிவிட்டு எஞ்சினைச் சூடேறவே விடாமல் ஓட்டுவோர் தோட்டத்தில் இந்த ஆவி அங்கேயே குளிர்ந்து தங்குகிறது. வால்வு மூடியின் உட்புறத்தில் மட்டும் வெண்ணுரை படிந்து, அடிச்சட்டி எண்ணெய் ஏறக்குறையத் தெளிவாயிருப்பது இதன் அடையாளம். குழாயைத் திருகி, வெளிவரும் நீர் 60 பாகை அளவு வெப்பத்தில் இருக்குமாறு ஒரு மணி நேரம் பளுவோடு ஓட்டினால் நுரை குறையும். காசு செலவில்லை.

நுரை குறையாமல் மட்டமும் ஏறுமானால் நீர்ச்சட்டையினின்று கசிவு உண்டென்க. எஞ்சின் ஓடுகையில் வெளிவரும் நீரில் இடைவிடாது குமிழிகள் வந்தால் ஹெட் காஸ்கெட் அல்லது ஹெட்டின் விரிசலை ஐயுறலாம். லைனரைச் சுற்றி நேரே நீர் நிற்கும் வகை எஞ்சின்களில், பக்க மூடியைக் கழற்றி, சிலிண்டருக்குக் கீழே வெள்ளைக் காகிதம் விரித்து, நீர்ச்சட்டையை நிரப்பி ஓர் இரவு விட்டுவைக்கவும். லைனரின் வெளிப்புறமாகத் துளிகள் இறங்கினால் அடி ரப்பர் வளையம் போய்விட்டது.

இவ்விடத்தில் நம் நீரைப் பற்றியும் சொல்லவேண்டும். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தோல் பதனிடும் தொழிற்சாலைகள் மிகுந்த ஐந்து மாவட்டங்களுள் திண்டுக்கல்லையும் பெயர் சுட்டிக் கூறியது. அத்தொழிற்சாலைகளின் கழிவால் உப்பேறிய கிணறுகள் நகரைச் சுற்றி உள்ளன. நீரின் குணத்தைச் சாயத்திலேயே கண்டுகொள்ளும் சின்னாளப்பட்டி நெசவாளருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. உப்புநீர் வார்ப்பிரும்பை அரிக்கிறது. வளையம் அமரும் இடம் குழிவிழுந்தபின் புது வளையம் போட்டும் பயனில்லை. ஆனால் இவ்வுப்பே துப்பும் தருகிறது. அடிச்சட்டியில் வடித்த நீரைத் தெளியவைத்துத் தட்டில் காய்ச்சுக. வெள்ளைப் பொருக்கு மிஞ்சினால் அது கிணற்று நீர். ஆவி குளிர்ந்த நீரிலோ, மூடியற்ற புகைக்குழாய் வழியே இறங்கிய மழைநீரிலோ உப்பு இராது. கடற்படகு எஞ்சின்களிலும் நன்னீரா உவர்நீரா என்றே முதலில் பார்க்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. கசிவு ஐயமிருந்தால் உடனே எஞ்சினைக் கிளப்பவேண்டாம். பிஸ்டன்மேல் நீர் நின்றால் அது அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துபோகும். டீகம்ப்ரஷன் நெம்புகோலைத் தூக்கிவிட்டு, கையால் மெல்லச் சில சுற்றுகள் சுற்றிப் பார்த்த பின்னரே கிளப்புக.

பழுது நீங்கியபின் கெட்ட எண்ணெயை முழுதும் வடித்து, வடிகட்டியையும் மாற்றி, புது எண்ணெய் விட்டுக் கால்மணி நேரம் பளுவின்றி ஓட்டுக. அவ்வெண்ணெயையும் சூட்டோடு வடித்துவிட்டு மீண்டும் நிரப்புக. இருமுறை எண்ணெய் வாங்கத் தயங்குவோர் உண்டு. மூலைகளில் ஒட்டிய பால் போன்ற கசடு ஒருமுறையில் நீங்குவதில்லை. வடித்த எண்ணெயைக் கிணற்று மேட்டில் கொட்டாமல் டின்னில் சேர்த்து வைக்கவும். பழைய எண்ணெய் வாங்குவோர் எடுத்துக்கொள்வர்.