மார்க்கெட் போன வழியில் ஒரு வீக்கெண்ட்

திருமழிசையை நாலு வருஷமா நான் பஸ் ஜன்னல் வழியாத்தான் பார்த்திருக்கேன். ஹாஸ்டலிலிருந்து பூந்தமல்லி போகிற வழியில் வரும் ஊர். சிட்கோ போர்டு வரும், ஒரு கோயில் வளைவு வரும், நான் இயர்போனில் பாட்டை மாற்றுவேன், ஊர் போய்விடும். சென்னையும் கிட்டத்தட்ட அப்படித்தான். ராஜபாளையத்திலிருந்து வந்தவளுக்குத் தெரிந்த சென்னை என்பது ஒரு மால், ஒரு பீச், ஊருக்குப் பஸ் ஏறுகிற இடம். அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு சனி, ஞாயிறு ஹாஸ்டலே காலி. ரூம்மேட் ரெண்டு பேரும் ஊருக்குப் போயாச்சு. எனக்கு ரிவ்யூ இருந்ததால் போகவில்லை, வெள்ளிக்கிழமை ராத்திரி அந்த ரிவ்யூவும் தள்ளிப்போனது. கையில் முழுசா ரெண்டு நாள்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஜூலையில் எனக்கு புனேயில் ஜாயினிங். அப்பாவுக்கு ஆஃபர் லெட்டர் வந்த சந்தோஷம் ஒரு நாள்தான் இருந்தது. அடுத்த நாளிலிருந்து ஒரே கேள்வி: "தனியாவாம்மா?" எனக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது என்பதுதான் உண்மை. எங்க சீனியர் அக்கா ஒருத்தங்க பெங்களூரில் எட்டு மாதம் இருந்துவிட்டு வந்து சொன்னாங்க, "பிஜி, ஆபீஸ், மால். வேற எதுவும் தெரியாதுடி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா அழுகையா வரும்." சம்பளம், வேலை எல்லாம் சரியாக இருந்தும் அவங்க திரும்பி வந்ததுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகளும் ஒரு காரணம். தெரியாத ஊரில் தனியா ஒரு நாளைக் கழிக்கத் தெரியுமா என்று இங்கேயே சோதித்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. இங்கே தப்பு நடந்தாலும் தமிழில் வழி கேட்கலாம் இல்லையா!

முதலில் எல்லாரும் செய்கிற வேலையைத்தான் செய்தேன். "பார்க்க வேண்டிய 10 இடங்கள்" என்று தேடினேன். அந்த லிஸ்ட் குரூப்பாகப் போகிறவர்களுக்குச் சரி. தனியாகப் போனால் இடத்துக்குப் பத்து நிமிஷம், ஒரு போட்டோ, அதுக்கப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி ஃபோனை எடுப்போம். கூட ஆள் இருந்தால் பேச்சே நம்மை இழுத்துக்கொண்டு போகும். தனியாகப் போகிறவளுக்கு அந்த வேலையைச் செய்ய ஒரு கேள்வி வேண்டும். விடை தேடி நாலு பேரிடம் பேச வைக்கிற மாதிரி சின்னக் கேள்வி.

எனக்குக் கிடைத்த கேள்வி இது: இந்த ஊர் மார்க்கெட் ஏன் நகர்ந்துகொண்டே இருக்கிறது?

விஷயம் தெரியாதவர்களுக்கு. சென்னையின் மொத்த காய்கறி வியாபாரம் ரொம்ப காலம் ஜார்ஜ் டவுனில், கொத்தவால் சாவடியில் நடந்தது. நெரிசல் தாங்காமல் 1996-ல் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். 2020 மே மாதம் கோயம்பேட்டில் கொரோனா பரவியதும் அதை மூடிவிட்டுக் காய்கறி மார்க்கெட்டைத் தற்காலிகமாகக் கொண்டு வந்த இடம், நம்ம திருமழிசை. செப்டம்பர் கடைசியில் திரும்பிப் போனது. வெளியூர் பஸ்களும் இதே மாதிரிதான். பாரிமுனைப் பக்கம் இருந்தவை 2002-ல் கோயம்பேட்டுக்கு வந்தன. தெற்கே போகிறவை 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பக்கம் திரும்பின. மேற்கே போகிற பஸ்களுக்கு என்று திருமழிசையை ஒட்டிக் குத்தம்பாக்கத்தில் ஒரு டெர்மினஸ். மேப்பில் கொத்தவால் சாவடி, கோயம்பேடு, திருமழிசை மூன்றையும் புள்ளி வைத்துப் பார்த்தால், கிட்டத்தட்ட பூந்தமல்லி ஹை ரோடு என்ற ஒரே கோட்டில் வருகிறது. ஊருக்குள் இடம் போதாதபோதெல்லாம் சென்னை இந்த ரோட்டைப் பிடித்துக்கொண்டு மேற்கே தள்ளுகிறது. அந்தக் கோட்டின் இந்த முனையில் நாம் நாலு வருஷம் படுத்துத் தூங்கியிருக்கிறோம். அதனால் பின்னாலிருந்து முன்னால் போகலாம் என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை திருமழிசை, ஞாயிற்றுக்கிழமை மற்ற ரெண்டும்.

சனிக்கிழமை முதல் பாடம் கோயில் வாசலில். ஜெகந்நாதப் பெருமாள் கோயிலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. நடை சாத்தியாச்சு. நம்ம பக்கத்துக் கோயில்கள் பெரும்பாலும் மத்தியானம் மூடி, நாலு மணி வாக்கில்தான் திறக்கும். சின்ன வயசிலிருந்து தெரிந்த விஷயம்தான், ஆனால் அம்மா கூடப் போகும்போது நேரத்தை அம்மா பார்த்துக்கொள்வார். தனியாகப் போனால் அதுவும் நம் வேலை.

வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த பாட்டி, "நாலு மணிக்கு வா கண்ணு, ஆழ்வாரப் பாக்காம போவாத" என்றார். திருமழிசை ஆழ்வார் பிறந்த ஊர் இது. பிரம்பு வேலை செய்கிறவர் வீட்டில் வளர்ந்தவர் என்று கதை. அவர் சீடன் கணிகண்ணனைக் காஞ்சிபுரத்து ராஜா ஊரைவிட்டு அனுப்பியபோது, ஆழ்வாரும் கிளம்பி, பெருமாளையும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வரச் சொன்னாராம். பெருமாளும் கிளம்பினாராம். ராஜா மன்னிப்புக் கேட்ட பிறகு எல்லாரும் திரும்பி வந்து படுக்கையை விரித்தார்களாம். அந்தக் காஞ்சிபுரம் கோயிலுக்கு இன்றும் சொன்னவண்ணம் செய்த பெருமாள் கோயில் என்றுதான் பெயர். மார்க்கெட் மாதிரியே இந்த ஊர்க்காரர் கதையிலும் ஒரு ஜாகை மாற்றம் இருப்பதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது.

நாலு மணி வரைக்கும் என்ன செய்வது? அங்கேதான் என் கேள்வி உதவியது. டீக்கடை அண்ணாவிடம், "அண்ணா, இங்க மார்க்கெட் வந்துச்சே, எந்த இடம்?" என்று கேட்டேன். அதுவரை என்னைக் கவனிக்காதவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். ராத்திரி முழுக்க லாரி, மழை பெய்தால் சேறு, முழங்கால் வரை சேற்றில் தக்காளிப் பெட்டி தூக்கினது, எங்கே பார்த்தாலும் போலீஸ். "நாலஞ்சு மாசம்மா. ஊரே தூங்கல. அப்புறம் ஒரு நாள் பாத்தா ஒண்ணுமே இல்ல." அப்போது நான் பத்தாவது. பரீட்சையே இல்லாமல் பாஸ் போட்ட பேட்ச். டிவியில் இந்த ஊர்ப் பெயரைக் கேட்டிருப்பேன், கவனித்திருக்க மாட்டேன். "இங்க என்ன பாக்கணும்" என்று கேட்டிருந்தால் அவர் கோயிலைக் கை காட்டியிருப்பார், அதோடு முடிந்திருக்கும். அவருக்குத் தெரிந்ததைக் கேட்டதால் அரை மணி நேரம் பேசினார்.

சாப்பாடு பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய். எனக்குப் பெரிய பயமே அதுதான். பஸ் இல்லை, ரோடு இல்லை, ஹோட்டலில் தனியா உட்காருவது! நாலு பேர் டேபிளில் ஒரு பொண்ணு தனியா உட்கார்ந்தால் எல்லாரும் பார்ப்பது போலவே இருக்கும். முதல் ஹோட்டலைத் தாண்டிப் போனேன், ரெண்டாவதையும் தாண்டினேன். மூன்றாவதில் பசி ஜெயித்தது. சர்வர் "மீல்ஸா, வெரைட்டியா?" என்றார், எலுமிச்சை சாதம் வந்தது, எதிரில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்து தன் பாட்டுக்குச் சாப்பிட்டார். யாரும் பார்க்கவில்லை. சாப்பிடும்போது ஃபோனை எடுக்காமல் இருந்ததுதான் கஷ்டம். (ரெண்டு தடவை எடுத்தேன்.) சாயங்காலம் ஆழ்வாரைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் ஹாஸ்டல்.

ஞாயிற்றுக்கிழமை சொதப்பல். பூந்தமல்லியில் பிராட்வே போர்டு போட்ட பஸ் நின்றது. முன்பக்கம் பிங்க் பெயின்ட் அடித்த சாதாரண பஸ், அதனால் எங்களுக்கு டிக்கெட் இலவசம். பிராட்வே போனால் கோயம்பேடு வழியாகத்தானே போகும் என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன். இருபது நிமிஷம் கழித்து போரூர் வந்தது. பூந்தமல்லியிலிருந்து ஊருக்குள் போக ரெண்டு ரோடு இருக்கிறது. ஒன்று மதுரவாயல், கோயம்பேடு, அமைந்தகரை என்று போகும் பூந்தமல்லி ஹை ரோடு. இன்னொன்று போரூர், நந்தம்பாக்கம் வழியாகக் கத்திப்பாராவில் போய் முட்டும் மவுண்ட் பூந்தமல்லி ரோடு. ஒரே பிராட்வேக்கு ரெண்டு வழியிலும் பஸ் உண்டு. அதனால் "பிராட்வே போகுமா?" என்று கேட்பது பாதிக் கேள்வி. "எந்த வழியா போகும்ணே?" என்பதுதான் முழுக் கேள்வி. போர்டில் அடியில் சின்ன எழுத்தில் வழியும் எழுதியிருந்தது. இங்கிலீஷ் மீடியத்தில் படித்த நான் நம்பரையும் பெரிய எழுத்தையும் மட்டும் பார்த்துவிட்டு ஏறியிருக்கிறேன்.

கண்டக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். "கத்திப்பாரால எறங்கி ஆலந்தூர் மெட்ரோ புடிம்மா, நேரா கோயம்பேடு" என்றார். 2015-ல் சென்னையில் முதன்முதலாக ஓடிய மெட்ரோ இந்த ஆலந்தூர், கோயம்பேடு பாதைதான். அதில் போகும்போது கோயம்பேடு பஸ் நிலையத்தை உயரத்திலிருந்து பார்த்தேன். ஃபர்ஸ்ட் இயரில் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடிய இடம்.

கோயம்பேடு மார்க்கெட் 295 ஏக்கர். காய், பழம், பூ மூன்றுக்கும் தனித்தனிப் பகுதி. நான் போனது பதினொரு மணிக்கு. மொத்த வியாபாரம் நடுராத்திரி தொடங்கி விடிகாலையில் முடிந்துவிடும், அந்த நேரத்துக்கு மிச்சம் இருப்பது சில்லறையும் மாட்டுக்கு ஒதுக்கின முட்டைக்கோஸ் இலையும்தான். அதைப் பார்க்க ஆசைப்பட்டால் பகல் வெளிச்சம் வந்தவுடனே போய்விடுங்க. பூ மார்க்கெட் மட்டும் எனக்காகக் காத்திருந்தது. அரைக் கிலோ சம்பங்கியைக் காரணமே இல்லாமல் வாங்கினேன். நாள் முழுக்கப் பையில் மணத்தது.

அங்கிருந்து மெட்ரோவில் சென்ட்ரல், வண்டி மாறி ஒரே ஸ்டேஷன், ஹைகோர்ட். (மெட்ரோ ஸ்டேஷன்களில் டாய்லெட் இருக்கிறது. இதை எந்த டிராவல் வீடியோவும் சொல்லாது, ஆனால் பெண்களுக்கு ஒரு நாள் பிளானே இதை வைத்துத்தான்.) என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் நடந்து, கன்னிகா பரமேஸ்வரி கோயிலை அடையாளம் சொல்லி கொத்தவால் சாவடிக்கு வழி கேட்டுப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, பாதிக்கு மேல் ஷட்டர் இறங்கியிருந்தது. ஜார்ஜ் டவுனின் மொத்தக் கடைகள் ஞாயிறு லீவு என்பது எனக்குத் தெரியாது. முதலில் எரிச்சல். அப்புறம் பார்த்தால், கூட்டம் இல்லாததால்தான் தெருவே தெரிகிறது. ரெண்டு லாரி எதிரெதிரே வந்தால் மாட்டிக்கொள்ளும் அகலம். ஒரு ஊருக்கே காய் இந்தச் சந்துகளிலிருந்துதான் போனது என்றால் நம்ப முடியவில்லை. 1996-ல் ஏன் கிளம்பினார்கள் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. வாரநாளில் வந்தால் ஆண்டர்சன் தெருவில் பேப்பரும் கல்யாணப் பத்திரிகையும், கோடவுன் தெருவில் துணியும் என்று தெருவுக்கு ஒரு வியாபாரம் பார்க்கலாம்.

திரும்பும்போது பஸ்ஸில் ஏறுவதற்கு முன் சத்தமாகக் கேட்டேன், "மதுரவாயல் வழிதானே?"

பாதுகாப்பு பற்றி ஜூனியர் பொண்ணுங்க கேட்பீங்க. லைவ் லொகேஷனை ரூம்மேட்டுக்கும் அப்பாவுக்கும் போட்டிருந்தேன். வழி கேட்டால் ரோட்டில் நடக்கிறவர்களிடம் கேட்கவில்லை, கடையில் உட்கார்ந்திருப்பவர்களிடம் மட்டும். அவர்கள் நாளைக்கும் அங்கேதான் இருப்பார்கள், சும்மா ஏதோ கை காட்ட மாட்டார்கள். ஜார்ஜ் டவுனில் ஒரு ஆள் ரெண்டு தெரு பின்னாலேயே வந்தான். ஒரு மருந்துக் கடைக்குள் போய் பேண்ட் எய்டு வாங்கிக்கொண்டு, கடை அக்காவிடம் சொன்னேன். அவங்க வெளியே வந்து நின்று முறைத்தாங்க, அவன் போய்விட்டான். பயமாகத்தான் இருந்தது. அப்பாவிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்து, சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு "மருந்துக் கடைக்குள்ள போகணும்னு எப்படித் தோணுச்சு?" என்று மட்டும் கேட்டார்.

இந்த மார்க்கெட் கேள்வி வேறு ஊர்களிலும் வேலை செய்யும் என்று நினைக்கிறேன். மதுரைக்காரர்களுக்குத் தெரியும், மீனாட்சி கோயில் பக்கத்திலிருந்த சென்ட்ரல் மார்க்கெட் மாட்டுத்தாவணிக்குப் போனது. திருச்சியில் கள்ளிக்குடியில் புதுசாகக் கட்டிக் கொடுத்தும் காந்தி மார்க்கெட் வியாபாரிகள் நகர மறுத்தார்கள். ஏன் மறுத்தார்கள் என்று கேட்டுக்கொண்டு போனாலே ஒரு நாள் ஓடிவிடும். புனேயில் ஊர் நடுவே பழைய மகாத்மா புலே மண்டை இருக்கிறது, மொத்த வியாபாரம் குல்டேக்டி மார்க்கெட் யார்டில். ரெண்டுக்கும் நடுவில் எந்த பஸ், எந்த வழி என்று இப்போதே பார்த்து வைத்திருக்கிறேன். மராத்தியில் "எந்த வழியா போகும்?" என்பதை மட்டும் ஹாஸ்டல் மெஸ்ஸில் வேலை பார்க்கும் சோலாப்பூர் அண்ணாவிடம் கற்றுக்கொண்டிருக்கிறேன். உச்சரிப்பு இன்னும் வரவில்லை, அவர் சிரிக்கிறார்.