மறைந்திருக்கும் புற்று

2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதியில், மயிலிட்டிக்கு அருகே தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. ஆனால், மருத்துவமனை பக்கத்திலேயே இருந்தாலும் தாமதமாகவே பிடிபடும் நோய் ஒன்று உண்டு. அதுதான் கணையப் புற்று.

இரைப்பைக்குப் பின்னால் இருப்பதால் கட்டி கைக்குத் தட்டுப்படாது. தொடக்கத்தில் வலியும் இராது. இதற்கான இரத்தப் பரிசோதனை சி.ஏ. 19-9. புற்று இல்லாத காமாலையிலும் இது உயரும். நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கோ, பிறவியிலேயே அந்தப் பொருள் சுரக்காததால், புற்று இருந்தும் உயராது.

ஆகவே ஆய்வாளர்களின் பார்வை கட்டியின் சுற்றுப்புறத்தின் மீது திரும்பியது. கணையப் புற்றைச் சூழ்ந்து நார்த்திசு சுவர்போல் வளர்கிறது. அது சுரக்கும் புரதங்கள் இரத்தத்தில் கலக்கின்றன. அவற்றுள் ஒன்றான திராம்போஸ்பாண்டின்-2ஐ சி.ஏ. 19-9உடன் சேர்த்துப் பார்த்தால் நோயை இன்னும் நன்றாகக் கண்டறியலாம் என்று 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தெரிவித்தனர். எனினும், எல்லோருக்கும் செய்யும் சோதனையாக அது இன்னும் வரவில்லை.

அதுவரை வீட்டாரின் கண்களே காவல். வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ ஐம்பது வயதுக்குமேல் புதிதாக நீரிழிவு வந்து, கூடவே உடலும் மெலிகிறதா? வலியில்லாமல் காமாலை வந்ததா? மேல்வயிற்று வலி முதுகுக்குப் பரவுகிறதா? பெரும்பாலும் வேறு காரணமாக இருக்கலாம். ஆனாலும் கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். புகைப்பவர் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.