வாட்டர் பம்ப்பின் அழும் ஓட்டை

வைவாவில் "வாட்டர் பம்ப் எந்த வகை?" என்று கேட்டால், "சென்ட்ரிஃபியூகல் சார்!" என்று டக்கென்று சொல்லிவிடுவோம். அதன் அடியில் இருக்கும் சின்ன ஓட்டை எதற்கு என்று கேட்டால்? பம்ப்பைக் கழற்றிப் பார்த்தபோதுதான் எனக்கே புரிந்தது.

கிராங்க் புல்லி, பெல்ட் மூலம் பம்ப்பைச் சுற்றுகிறது. இம்பெல்லரின் நடுவில் நுழையும் தண்ணீர் வெளிப்பக்கமாக வீசப்பட்டு, பிளாக், ஹெட் எல்லாம் சுற்றிச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. பல எஞ்சின்களில் சுமார் 82 டிகிரி செல்சியஸில் தெர்மோஸ்டாட் திறந்ததும் ரேடியேட்டருக்குப் போய் ஆறி, மறுபடி பம்ப்புக்கே வருகிறது.

இம்பெல்லர் பக்கம் தண்ணீர். புல்லி பக்கம் பேரிங். நடுவில் காவலுக்கு ஒரு சீல். சீல் தேய்ந்தால், கசியும் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே சொட்டத்தான் அந்த ஓட்டை. பெயர் 'வீப் ஹோல்', அதாவது அழும் ஓட்டை!

சிலர் அதைப் பசை வைத்து அடைச்சுடறாங்க. சொட்டு நிக்கும்; ஆனா தண்ணீர் பேரிங் கிரீஸைக் கழுவிவிடும். பேரிங் துருப்பிடித்து, ஷாஃப்ட் ஆடி, பெல்ட் அறுந்து, எஞ்சின் கொதித்து, கடைசியில் ஹெட் கேஸ்கெட்டே போகும். சீல் செலவுக்குப் பயந்து ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்!

பராமரிப்பு சுலபம். எஞ்சினை நிறுத்தி, ஆறியபின் புல்லியை ஆட்டிப் பாருங்கள்; ஆட்டம் இருந்தால் பேரிங் போச்சு. பெல்ட்டை அளவுக்கு மீறி டைட் வைக்காதீர்கள். போர் தண்ணி வேண்டாம், உப்பு படியும். மேனுவலில் சொன்ன கூலண்ட்தான். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

அடுத்த முறை பானட்டைத் திறந்தால் அந்த ஓட்டையையும் பாருங்க. காய்ந்திருந்தால் சந்தோஷம், ஈரமாக இருந்தால் அடைக்காதீங்க, சீலை மாத்துங்க!