முடிசூட்ட ஒருவர், வரி வாங்க ஒருவர்

இன்று ஒகினாவா என்று அறியப்படும் தீவுகள் 1879 வரை ரியூக்யூ என்ற அரசாக இருந்தன. தனி அரசு என்று சொல்லலாமா என்பதில்தான் சிக்கல். 1372 முதல் அதன் மன்னர்கள் சீனப் பேரரசருக்குத் திறை அனுப்பினார்கள். 1609இல் தெற்கு ஜப்பானின் சட்சுமா சிற்றரசின் படை வந்து வென்றபின் அந்தப் பக்கமும் வரி போனது.

புது மன்னருக்கு முடிசூட்டச் சீனத் தூதர்கள் ஷுரி அரண்மனைக்கு வரும்போதெல்லாம் சட்சுமா அதிகாரிகள் ஒதுக்குப்புறமான கிராமத்துக்குப் போய்விடுவார்கள். ஜப்பானிய அடையாளங்கள் எதுவும் கண்ணில் படாது. மாதக்கணக்கில் தங்கிய தூதர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? தெரியாததுபோல் இருப்பதே மூவருக்கும் வசதி. சட்சுமாவுக்குச் சீன வணிக லாபம், பெய்ஜிங்குக்கு மரியாதை, ரியூக்யூவுக்குப் பிழைப்பு.

யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பதே அந்த உலகின் கேள்வி, எல்லைக்கோடு அப்புறம்தான். ஐரோப்பியச் சட்டமோ ஒரு நிலத்துக்கு ஒரே இறையாண்மை என்றது. ஹென்றி வீட்டனின் சர்வதேசச் சட்ட நூலை மார்ட்டின் என்ற அமெரிக்கப் பாதிரியார் சீனத்தில் மொழிபெயர்க்க, 1860களில் அது ஜப்பானுக்கும் போய்ச் சேர்ந்தது. மேலைநாடுகளின் சமமற்ற ஒப்பந்தங்களில் சூடுபட்டிருந்த ஜப்பானியர் அதைக் கருத்தாகப் படித்தார்கள்.

1871இல் ரியூக்யூவைச் சேர்ந்த மியாகோ தீவினர் சென்ற கப்பல் புயலில் சிக்கித் தைவானில் ஒதுங்கியது. 54 பேரை அங்கிருந்த பழங்குடியினர் கொன்றார்கள். டோக்கியோ சீனாவிடம் விசாரித்தபோது, அந்தப் பழங்குடியினர் எங்கள் ஆட்சிக்கு அப்பாற்பட்டவர்கள் என்ற பொருளில் சீன அதிகாரிகள் பதில் சொன்னார்கள். பழைய கணக்கில் அது நேர்மையான பதில். புதிய கணக்கில், அந்த நிலம் எங்களுடையதில்லை என்ற வாக்குமூலம். 1874இல் ஜப்பானியப் படை தைவானில் இறங்கியது. அதே ஆண்டு ஒப்பந்தத்தில் சீனா 5 லட்சம் தேல் (சீன எடை அளவு) வெள்ளி தர இசைந்ததோடு, இறந்தவர்களை ஜப்பானியக் குடிகள் என்று குறிக்கவும் சம்மதித்தது. ரியூக்யூவின் கதை அந்த வரியிலேயே முடிந்தது என்பேன். 1879இல் போலீசும் படையும் வந்து ஆட்சியைப் பறித்ததும், மன்னர் ஷோ தாய் டோக்கியோவுக்குப் போக நேர்ந்ததும் மிச்சச் சடங்குகள்.

சீனா எதிர்த்தது. முன்னாள் அமெரிக்க அதிபர் கிராண்ட் சமரசம் பேசினார். 1880இல் ஜப்பான் ஒரு பேரம் வைத்தது: வணிகச் சலுகை கொடுத்தால் தெற்கிலுள்ள மியாகோ, யயேயாமா தீவுகளைச் சீனா எடுத்துக்கொள்ளலாம். எந்த மியாகோக்காரர்களைத் தன் குடிகள் என்று சொல்லிப் படை அனுப்பியதோ, அதே மியாகோவை! நாட்டை மீட்டுத்தரும்படி பெய்ஜிங்கில் மன்றாடிக்கொண்டிருந்த ரியூக்யூ அதிகாரி ரின் செய்கோ, இந்தப் பங்கீட்டை எதிர்த்து அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார். சீனா கடைசிவரை கையெழுத்திடவில்லை. தீவுகள் மொத்தமும் ஜப்பானிடமே தங்கின.