ஹாடியில் எழுதப்படும் வழக்கு

காட்டு வழக்குகள் எல்லாம் பெங்களூரு கப்பன் பூங்காவை ஒட்டிய சிவப்புக் கட்டடமான, உயர் நீதிமன்றம் இயங்கும் அட்டாரா கச்சேரியில்தான் வெல்லப்படுகின்றன என்று இத்துறைக்கு வரும் இளம் வழக்கறிஞர்கள் நினைப்பதுண்டு. நாகரஹொளே வழக்கும் அப்படி நினைக்க வைக்கும். அந்தத் தேசியப் பூங்காவுக்குள் விடுதி நடத்த தாஜ் குழும நிறுவனத்துக்குக் கொடுத்த குத்தகை சட்டவிரோதம் என்று 1997-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தது அங்குள்ள ஜேனு குறும்பர் முதலான பழங்குடிகளின் உரிமை அமைப்பு. கையில் எடுத்ததோ காட்டையும் விலங்குகளையும் காக்க வந்த சட்டங்கள். பெரிய வெற்றிதான். ஆனால் அந்தத் தீர்ப்பு விடுதியைத் தடுத்ததே தவிர, ஜேனு குறும்பர் ஒருவருக்குக்கூட நிலத்தை உறுதிசெய்யவில்லை. தடுப்பதற்கு நீதிமன்றம் போதும். உரிமையை நிலைநாட்டும் வேலையை அவர்கள் வாழும் குடியிருப்பான ஹாடியில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

2007 இறுதியில் நடைமுறைக்கு வந்த வன உரிமைச் சட்டம் அதற்கு வழி திறந்தது. மனு முதலில் கிராம சபைக்கு வரும். பிறகு உட்கோட்டக் குழு, மாவட்டக் குழு. பட்டா இல்லாதவர் எதைக் காட்டுவார்? முன்னோரைப் புதைத்த இடம், சாமி இருக்கும் இடம், தோண்டிய கிணறு, நிலத்தை நிரவிப் போட்ட வரப்பு, மனுதாரர் அல்லாத முதியவர் சொல்லச் சொல்ல எழுதிய வாக்குமூலம் எல்லாமே விதி 13-இன்படி சான்றுதான். இன்ன ஆவணம்தான் வேண்டுமென்று குழுக்கள் அடம்பிடிக்கக் கூடாது, நிராகரித்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும் என்கிறது 2012-இன் திருத்தம். வாக்குமூலத்தில் விட்டுப்போன ஒரு வரியை மேல்முறையீட்டில் எந்த மூத்த வழக்கறிஞராலும் மீட்க முடியாது.

பொய் மனுக்கள் குவியுமே என்பார்கள். குவியலாம், அவற்றைச் சலிக்கத்தான் கிராம சபையும் கள ஆய்வும். காரணமே சொல்லாமல் தள்ளுவது சலிப்பது ஆகாது. பெங்களூருவின் வைல்ட்லைஃப் ஃபர்ஸ்ட் அமைப்பு தொடுத்த வழக்கில், மனு நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றும்படி 2019 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 10 லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்கள் கதிகலங்கின. அதே மாதம் 28-ஆம் தேதி உத்தரவை நிறுத்திவைத்த நீதிமன்றம், எந்த நடைமுறைப்படி நிராகரித்தீர்கள் என்று மாநிலங்களைக் கேட்டது. முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. புலிக்கு மனிதர் இல்லாத காடு வேண்டாமா என்பது இன்னும் கனமான ஆட்சேபம். அதைச் சட்டம் ஒதுக்கிவிடவில்லை. மக்கள் இருப்பதால் விலங்குக்கு மீளாத கேடு வரும், சேர்ந்து வாழ வேறு வழியில்லை என்று நிறுவி, கிராம சபையின் சம்மதம் பெற்றால் இடம் மாற்றலாம். ஆனால் அதற்கு முன் அவர்களது உரிமையை முடிவுசெய்தாக வேண்டும்.

புலியும் மக்கள் உரிமையும் சேர்ந்தே இருக்கலாம் என்பதற்குப் பிளிகிரி ரங்கன மலை ஓர் எடுத்துக்காட்டு. அது 2011 தொடக்கத்தில் புலிகள் காப்பகமானது. அதே ஆண்டில் அங்குள்ள சோலிகப் பழங்குடியினரின் கிராம சபைகள் சமூக வன உரிமையையும் பெற்றன. அதற்கு முன்பே, பெங்களூருவின் ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தாரின் துணையோடு தங்கள் காட்டை அவர்களே வரைபடமாக்கியிருந்தார்கள். ஒரு குலத்துக்குரிய பகுதியை யெல்லெ என்பார்கள். நம் எல்லைதான் அது. ஒவ்வொரு யெல்லெயிலும் தெய்வம் இருக்கும் இடத்தையும், சுனையையும், இறந்தவர்களுக்கு நட்ட கல்குடியையும் நடந்து போய்க் குறித்தார்கள்.